நிறுவனச் சமூகப் பொறுப்பும் வணிகச் செயல்திறனும்: தாமிரபரணிப் படுகையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நிறுவனச் சமூகப் பொறுப்பு என்பது, ஒரு வணிக நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு லாபம் ஈட்டித் தருவதோடு தொழிலாளர், சுற்றுப்புற மக்கள், இயற்கை வளங்கள் ஆகியவற்றுக்கும் கடமைப்பட்டது என்ற கருத்தாகும். அக்கடமையை நிறைவேற்ற நிறுவனம் கையாளும் முறைகளையும் இச்சொல் குறிக்கும். பேச்சு வழக்கில் இது சி.எஸ்.ஆர். எனப்படுகிறது. மேலாண்மைப் பாடநூல்களில், சமூகப் பொறுப்பு ஒரு நிறுவனத்தின் லாபத்தையும் நற்பெயரையும் உயர்த்துமா என்ற கேள்வியே இதன் மையமாக அமைகிறது.

திருநெல்வேலியும் தாமிரபரணிப் படுகையும் இக்கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம். பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 125 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றை ஒட்டி, 1880களின் நூற்பாலை முதல் இன்றைய குளிர்பான ஆலை வரை, ஏறக்குறைய 140 ஆண்டுத் தொழில் வரலாறு உள்ளது. தேயிலை, சிமெண்ட், ரசாயனம், தாமிரம், பீடி எனத் தொழில்களும் பலவகை. இவற்றின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், செலவிடப்பட்ட சி.எஸ்.ஆர். தொகைக்கும் நிறுவனத்தின் நிலைபேற்றுக்கும் இடையே நேரடித் தொடர்பு காணப்படவில்லை. நீர், காற்று, கூலி, குடியிருப்பு ஆகியவற்றில் நிறுவனம் நடந்துகொண்ட விதமே அதன் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

கருத்தின் வளர்ச்சி

அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவென் 1953-ல் வெளியிட்ட நூல், தொழிலதிபரின் சமூகப் பொறுப்பைத் தனிப் பொருளாக எடுத்துப் பேசிய தொடக்ககால நூல்களுள் முக்கியமானது. இதற்கு எதிர்நிலையில் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல், சட்டத்துக்கும் நேர்மையான போட்டிக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் பொறுப்பு என வாதிட்டார். மேலாளர் அறம் செய்ய விரும்பினால் தன் பணத்தில் செய்யட்டும், பங்குதாரர் பணத்தில் செய்ய வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1984-ல் எட்வர்ட் ஃப்ரீமன் முன்வைத்த பங்குடையோர் கோட்பாடு, நிறுவனத்தால் பாதிக்கப்படுவோரும் நிறுவனத்தைப் பாதிக்கக் கூடியோரும் அதன் கணக்கில் வரவேண்டும் என்றது. ஆர்ச்சி கரோல் 1991-ல் பொறுப்புகளை ஒரு பிரமிடாக அடுக்கினார். அடித்தளத்தில் பொருளாதாரப் பொறுப்பு, அதன் மேல் சட்டப் பொறுப்பு, அடுத்து அறப் பொறுப்பு, உச்சியில் கொடைப் பொறுப்பு. இந்த அடுக்கில் கொடை கடைசியாகவே வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் சி.எஸ்.ஆர். என்ற சொல் பெரும்பாலும் இந்த உச்சிப் பகுதியை மட்டுமே குறிப்பதாகச் சுருங்கிவிட்டது.

செயல்திறன் குறித்த ஆய்வுகள்

சமூகப் பொறுப்புக்கும் நிதிச் செயல்திறனுக்கும் உள்ள உறவு குறித்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

சான்ட்ரா வாடக், சாமுவேல் கிரேவ்ஸ் ஆகியோர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, உறவு இருதிசையிலும் இயங்குகிறது என்றது. லாபம் ஈட்டும் நிறுவனத்திடம் மிச்சப் பணம் இருப்பதால் அது சமூகப் பணி செய்கிறது. அப்பணி மீண்டும் செயல்திறனுக்கு உதவுகிறது. 2000-ல் அபிகெய்ல் மெக்வில்லியம்ஸ், டொனால்ட் சீகல் ஆகியோர், ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவைக் கணக்கில் சேர்த்தால் சமூகப் பொறுப்பின் தனி விளைவு மறைந்துவிடுகிறது எனக் காட்டினர். 2003-ல் மார்க் ஓர்லிட்ஸ்கி உள்ளிட்டோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பகுத்து, பொதுவாக நேர்மறை உறவு உண்டு என்ற முடிவுக்கு வந்தனர்.

பால் காட்ஃப்ரி 2005-ல் முன்வைத்த காப்பீட்டுக் கருத்து இப்பகுதிக்கு மிகவும் பொருந்துவது. கொடை நற்பெயரை உண்டாக்கும், பின்னாளில் ஒரு கெடுதி நேரும்போது அந்த நற்பெயர் நிறுவனத்துக்குக் காப்பீடு போல உதவும் என்பது அக்கருத்து. கொடை உளமார்ந்தது எனச் சமூகம் நம்பினால் மட்டுமே இது பலிக்கும் என்ற நிபந்தனையும் அதில் அடங்கியுள்ளது.

இந்தியச் சட்டம்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுவரவு, 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவ்வகைப் பணிகள் தகுதியுடையவை என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 2021 ஜனவரியில் வந்த திருத்தங்கள், செலவிடாத தொகையைத் தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றுவதைக் கட்டாயமாக்கின.

இச்சட்டத்தின் விளைவு குறித்த இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. ஹரிஓம் மஞ்சிராஜு, சிவராம் ராஜ்கோபால் ஆகியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, சட்டத்தால் செலவிடும் கட்டாயத்துக்கு உள்ளான நிறுவனங்களின் பங்கு மதிப்பு சராசரியாக 4.1 விழுக்காடு சரிந்ததாகக் கண்டது. தம்மிக தர்மபால, விக்ரமாதித்ய கன்னா ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செலவிட்டவர்கள் செலவைக் கூட்டினர், அதற்கு மேல் செலவிட்டு வந்த நிறுவனங்கள் செலவைக் குறைத்தன. குறைந்தபட்ச வரம்பாக விதிக்கப்பட்ட எண், நடைமுறையில் இலக்கு எண்ணாக மாறிப்போனது.

சட்டத்தில் இன்னொரு கூறு அதிகம் பேசப்படுவதில்லை. நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கை, தன் பணியாளருக்குப் பயன்தரும் செயல், வேறொரு சட்டக் கடமையை நிறைவேற்றும் செயல் ஆகிய மூன்றும் சி.எஸ்.ஆர். ஆகாது என விதிகள் விலக்கியுள்ளன. தான் எப்படியும் செய்ய வேண்டியதை அறப்பணியாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற நல்ல நோக்கம் இதில் உண்டு. ஆனால் ஆலைக்குள் நடப்பதும், ஆலை எடுக்கும் நீரும், ஆலை தரும் கூலியும் "சமூகப் பொறுப்பு" என்ற தலைப்புக்கு வெளியே போய்விடுகின்றன. தாமிரபரணிப் படுகையில் எழுந்த பெரும் சிக்கல்கள் எல்லாம் இந்த விலக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே எழுந்தன.

தொடக்க காலம்: ஹார்வி ஆலையும் சுதேசிக் கப்பலும்

ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனம் 1880களில் பாபநாசத்தில் ஆற்றின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவியது. விக்கிரமசிங்கபுரம் ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். அதே குழுமத்தின் கோரல் மில் தூத்துக்குடியில் இயங்கியது. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இன்மை ஆகியவற்றை எதிர்த்து 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் இசைந்தது. அடுத்த சில நாட்களில் இருவரும் கைது செய்யப்பட, மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின.

இந்நிகழ்வு இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மேலாண்மை நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. இப்பகுதியில் ஒரு நிறுவனம் தன் பொறுப்பை ஏற்றதற்கான தொடக்ககாலச் சான்று, அதன் மனமுவந்த முடிவாக வரவில்லை, தொழிலாளர் அழுத்தத்தால் வந்தது. கூலி உயர்த்தியதால் அந்த ஆலை மூடப்பட்டுவிடவும் இல்லை, தொடர்ந்து இயங்கியது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, வ.உ.சி. 1906-ல் தோற்றுவித்த சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம். 40,000 பங்குகள், பங்கொன்று 25 ரூபாய், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம் எனத் திட்டமிடப்பட்ட இந்நிறுவனத்தின் நோக்கமே பொதுநலம் சார்ந்தது. ஆனால் கட்டணத்தை வீழ்த்தி நட்டத்தைத் தாங்கும் வலிமை போட்டி நிறுவனத்துக்கு இருந்தது, ஆட்சியாளரின் ஆதரவும் அதற்கே இருந்தது. தலைவர் சிறைப்பட்டபின் சுதேசி நிறுவனம் 1911-ல் கலைக்கப்பட்டது. நல்ல நோக்கம் வணிக வெற்றியைத் தானாகக் கொண்டுவரும் என்ற பாடநூல் நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு. சந்தையின் விதிகளும் அரசின் நிலைப்பாடும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது, பொறுப்புள்ள நிறுவனம் தோற்கவும் கூடும்.

ஆலை நகரங்களும் பிறந்த மண் பற்றும்

விடுதலைக்குப் பின் வந்த மாதிரி ஆலை நகரம். கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், 1949-ல் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையை ஒட்டிச் சங்கர்நகர் எழுந்தது. குடியிருப்பும் பள்ளியும் அங்கே தொழிலின் பகுதியாகவே இருந்தன. ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி ஆலை அமைக்கும் நிறுவனத்துக்குத் தொழிலாளரைத் தங்கவைக்க வேறு வழியும் இல்லை. பொறுப்பும் செயல்திறனும் ஒன்றோடொன்று இசைந்துபோன அரிய நிலை இது. ஆனால் அந்த இசைவு உரிமையாளரைச் சார்ந்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸின் பெரும்பான்மைப் பங்கு அல்ட்ராடெக் நிறுவனத்தின் வசமானது. உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் பற்றில் வளர்ந்த ஏற்பாடுகள், நாடு முழுதும் ஆலைகளுள்ள நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் எவ்வாறு மதிப்பிடப்படும் என்பது இனிவரும் ஆண்டுகளில் தெரியவரும்.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்த ஊர் திருக்குறுங்குடி. டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் சமூகப் பணி அமைப்பான ஸ்ரீநிவாசன் சேவை அறக்கட்டளை 1996 முதல் இயங்கி வருகிறது. திருக்குறுங்குடி வட்டாரமும் நவதிருப்பதி வட்டாரமும் அதன் பணிக்களங்களுள் அடங்கும். மகளிர் குழுக்கள், அங்கன்வாடி, கால்நடை, நீர்நிலை எனப் பல துறைகளில், அரசுத் திட்டங்களோடும் ஊர்மக்களின் பங்களிப்போடும் இணைந்து வேலை செய்வது அதன் முறை. காசோலை கொடுத்துவிட்டு ஒதுங்குவதைவிட இது மேலான அணுகுமுறை என்பதில் ஐயமில்லை.

எனினும் "சமூகப் பொறுப்பு செயல்திறனை உயர்த்தும்" என்ற கூற்றுக்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. டி.வி.எஸ். மோட்டாரின் முதன்மை ஆலைகள் ஓசூரிலும் மைசூரிலும் உள்ளன. திருக்குறுங்குடியில் நடக்கும் நற்பணி இருசக்கர வண்டி விற்பனையைக் கூட்டியது என்று காட்ட வழியில்லை, காட்டத் தேவையும் இல்லை. சொந்த ஊர்ப் பற்றும் கோயில் சார்ந்த பக்தியும் இங்கே உந்துவிசை. இதன் மறுபக்கமாக, எந்தத் தொழிலதிபருக்கும் சொந்த ஊராக இல்லாத ஊருக்கு இத்தகைய கவனம் கிடைப்பதில்லை. 2 விழுக்காட்டு நிதி எங்கே போகிறது என்பதை ஊரின் தேவையைவிட நிறுவனத்தின் நினைவும் வசதியுமே தீர்மானிக்கின்றன.

கங்கைகொண்டான்: நீரின் கணக்கு

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகப் பல நகரங்களும் ஊர்களும் இந்த ஆற்றையே நம்பியுள்ளன. இந்நிலையில் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் கோகோ கோலா, பெப்சி குளிர்பானங்களுக்கான ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்கப்பட்டது பெரும் எதிர்ப்பைத் தூண்டியது. 1,000 லிட்டர் நீர் 37.50 ரூபாய்க்கு வழங்கப்படுவதாக அப்போது பரவலாகச் சுட்டப்பட்டது. அதாவது லிட்டருக்கு நான்கு காசுக்கும் குறைவு.

2016 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்நீர் வழங்கலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரே தரப்படுவதாக அரசுத் தரப்பு வாதிட்டது. 2017 மார்ச் 2 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. ஆனால் அதற்கு முதல் நாளே, மார்ச் 1 முதல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எழுந்த உணர்வில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் இவ்விரு நிறுவனங்களின் பானங்களை விற்பதில்லை என அறிவித்திருந்தன. சட்ட உரிமம் கைவசம் இருந்தும் கடைத்தெருவில் உரிமம் மறுக்கப்பட்டது.

இவ்வகை நிறுவனங்கள் தங்கள் பொறுப்பைக் காட்ட முன்வைக்கும் முதன்மைக் கருவி நீர்ச் சமன்பாடு. பெப்சிகோ இந்தியா, தான் பயன்படுத்துவதைவிட அதிக நீரைத் திருப்பித் தருவதாக 2009-லேயே அறிவித்தது. நேரடி நெல் விதைப்பு, தடுப்பணை முதலியவற்றால் சேமித்த நீர் இக்கணக்கில் வரும். கணக்கு சரியாகவே இருந்தாலும், அது நாடு தழுவிய கூட்டல். வேறொரு மாநிலத்து வயலில் மிச்சமான நீர் மருதூர்க் கால்வாயின் கடைமடைக்கு வந்துசேராது. கரியமில வாயுவை உலகின் எந்த மூலையில் குறைத்தாலும் பயன் ஒன்றே. நீர் அப்படிப்பட்டதன்று, அது ஆற்றுக்கு ஆறு, பருவத்துக்குப் பருவம் வேறுபடும். கார் சாகுபடிக்கு நீர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் ஆலைக்குக் குழாய் அடைக்கப்படுகிறதா என்பதே உழவரின் கேள்வி. நாட்டளவிலான நீர்ச் சமன்பாடு அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை.

இவ்விடத்தில் முழுப் பழியையும் நிறுவனங்கள் மீது சுமத்துவதும் பொருந்தாது. நீரை ஒதுக்கியதும் விலை நிர்ணயித்ததும் அரசு அமைப்புகள். ஒதுக்கீட்டின் விவரங்கள் முன்கூட்டியே ஊரறிய வைக்கப்பட்டிருந்தால் சச்சரவின் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

மாஞ்சோலை: கணக்குக்கு வெளியே நிற்கும் தொழிலாளர்

பாம்பே பர்மா வர்த்தக நிறுவனம் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373.57 ஏக்கர் வனநிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பு மலையில் உருவாயின. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதாயிற்று, குத்தகை 2028 வரை தொடர்ந்தது. இப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் வருகிறது.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கோரியும் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் தள்ளப்பட்டும் குதித்தும் 17 பேர் இறந்தனர். அவர்களுள் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் தாமிரபரணிக் கரையில் அஞ்சலி நடக்கிறது. கூலிப் பேச்சுவார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டிய ஒரு பிரச்சினை பதினேழு உயிர்களைக் கொண்ட நினைவாக ஆனது.

2018-ல் இந்நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடியுமுன்பே 2024-ல் நிறுவனம் தோட்டப் பணிகளை நிறுத்தி, தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை முன்வைத்தது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. வனத்தின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. மலையில் சோலைக்காடு மீள்வது கீழே உள்ள நன்செய்க்கும் நல்லது. ஆனால் நான்கு தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு வேலை போனதும் வீடும் போனது, ஏனெனில் வீடு நிறுவனத்துடையது, நிலம் குத்தகை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. வேலை இருக்கும் வரை அக்கடமை இருந்தது. குத்தகை என்றைக்கு முடியும் என்பது 1929-லேயே எழுதப்பட்ட தேதி. அந்த நாளுக்குப்பின் தொழிலாளர் எங்கே போவர் என்ற திட்டத்தை முன்கூட்டி வகுக்க நிறுவனத்துக்கும் அரசுக்கும் பல பத்தாண்டுகள் இருந்தன. அத்தகைய திட்டத்தை வேண்டும் கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. சி.எஸ்.ஆர். விதிகளோ பணியாளருக்குப் பயன்தரும் செலவையே விலக்கி வைத்துள்ளன. ஆக, ஒரு நிறுவனத்தின் லாபத்துக்கு மிக நெருக்கமாக இருந்தவர்களே அதன் "சமூகப்" பொறுப்பின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

தூத்துக்குடி: காப்பீடு பலிக்காத இடம்

ஆற்றின் கழிமுகத்தை அடுத்த தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை 1990களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கியது. 2013 மார்ச்சில் வாயுக் கசிவுப் புகாரால் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், நேர்ந்த மாசுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பையும் நாட்டின் தாமிரத் தேவையையும் கருதி ஆலையை இயங்க அனுமதித்தது. 2018-ல் விரிவாக்கத்துக்கு எதிராகப் போராட்டம் வலுத்தது. மே 22, 23 ஆகிய நாட்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28-ல் ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்கவில்லை.

இந்நிறுவனம் சமூகப் பணிகளுக்குச் செலவிடாத நிறுவனமன்று. பள்ளி, குடிநீர், மகளிர் குழு எனப் பணிகள் இருந்தன. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது உச்ச நீதிமன்ற அனுமதியோடு அதன் ஆக்ஸிஜன் கூடம் இயக்கப்பட்டது. உயிர்காத்த அப்பணியும் ஆலை திறப்புக்கு மக்களின் இசைவைப் பெற்றுத் தரவில்லை. காட்ஃப்ரியின் காப்பீட்டுக் கருத்து இங்கே பலிக்காமல் போனதற்கான காரணம் அக்கருத்தின் நிபந்தனையிலேயே உள்ளது. காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிய ஐயம் தீராத இடத்தில், கொடை உளமார்ந்ததாகப் பார்க்கப்படவில்லை, வாயடைக்கும் கூலியாகவே பார்க்கப்பட்டது.

செயல்திறன் நோக்கிலும் இழப்பு பெரிது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனுள்ள ஆலை முடங்கியது. சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதி நாடாக மாறியது. ஆயிரக்கணக்கானோர் நேரடியாகவும் ஒப்பந்த முறையிலும் இருந்த வேலையை இழந்தனர். லாரி உரிமையாளர் முதல் தேநீர்க்கடைக்காரர் வரை இதன் வலியை உணர்ந்தவர்கள் உண்டு என்பதையும் மதிப்பீட்டில் விட்டுவிடக் கூடாது.

பீடி: நிறுவனமே தெரியாத பொறுப்பு

மேலே கண்டவை பெயர் தெரிந்த நிறுவனங்கள். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மிக அதிகமான பெண்கள் ஈடுபடும் தொழிலோ பீடி சுற்றுதல். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் சொளவில் இலையும் தூளும் வைத்துச் சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி. இடையில் முகவர் இருப்பதால் நிறுவனத்துக்கும் சுற்றுபவருக்கும் நேர்முகம் இல்லை. 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976-ல் சட்டமான நல நிதியும் ஓரளவு பாதுகாப்புத் தந்தன. அந்நிதிக்கு வருவாய் தந்த தனித் தீர்வை, ஜி.எஸ்.டி. அறிமுகமான 2017-ல் நீக்கப்பட்டது.

135-ஆம் பிரிவு பதிவுபெற்ற நிறுமங்களுக்கு மட்டுமே உரியது. கூட்டாண்மை நிறுவனங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. புகையிலைத் தூளை நாள்தோறும் சுவாசிப்பவரின் நுரையீரல் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குச் சமூகப் பொறுப்புச் சட்டத்தில் விடை இல்லை.

விமர்சன மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சில பொது முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, அளவுகோல் தவறான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. லாபத்தின் 2 விழுக்காடு எவ்வாறு செலவாயிற்று என்பது தணிக்கை செய்யப்படுகிறது. அந்த லாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பது அதே கவனத்தோடு கேட்கப்படுவதில்லை. பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபியின் பொறுப்பு, நீடிப்பு அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது இக்குறையை ஓரளவு சரிசெய்கிறது. ஆனால் அவ்வறிக்கை முதலீட்டாளரை நோக்கி எழுதப்படுகிறது. நிறுவனம் முழுமைக்குமான எண்ணே அதில் முதன்மையாக இடம்பெறுவதால், ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையில் நடப்பதை அதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆலையைச் சுற்றி வாழ்பவர் படிக்கும் மொழியிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவது, செயல்திறன் ஆய்வுகள் ஆண்டு லாபத்தையும் பங்கு விலையையும் அளக்கின்றன. தூத்துக்குடியிலும் மாஞ்சோலையிலும் நேர்ந்தவை ஆண்டுக் கணக்கில் சிக்குபவை அல்ல. பல ஆண்டுகள் லாபம் காட்டிய தொழில் ஒரு நாளில் நின்றுபோகிறது. சமூகப் பொறுப்பின் உண்மையான பயன் லாபத்தைச் சற்றுக் கூட்டுவதைவிட இத்தகைய முறிவைத் தவிர்ப்பதில் இருக்கலாம். நடக்காமல் போன ஒன்றை எந்த ஆய்வாலும் எளிதில் அளக்க முடியாது என்பதால், ஆய்வு முடிவுகள் முரண்படுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, அரசின் பங்கு. குத்தகை, நீர் ஒதுக்கீடு, மாசு அனுமதி ஆகிய மூன்றும் அரசின் கையில் உள்ளவை. அரசு தன் கண்காணிப்பில் தளரும்போது அந்த வெற்றிடத்தை நிறுவனத்தின் நல்லெண்ணம் நிரப்பும் என எதிர்பார்ப்பது வீண். அரசுப் பள்ளிக்குக் கட்டடம் தரும் நிறுவனத்திடம், அதே அரசின் அலுவலர் மாசு அளவைக் கறாராகக் கேட்பது நடைமுறையில் கடினமாகிறது என்ற விமர்சனமும் இங்கே பொருத்தமானது.

நான்காவது, ஃப்ரீட்மன் வாதத்தில் இன்றும் ஏற்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. எந்த ஊருக்குப் பள்ளி, எந்த ஊருக்கு மருத்துவமனை என்பதைத் தேர்ந்தெடுக்கப்படாத மேலாளர் தீர்மானிப்பது சனநாயக முறையன்று என்று அவர் கருதினார். திருக்குறுங்குடிக்குக் கிடைத்தது அடுத்த ஊருக்குக் கிடைக்காமல் போவதை இவ்வாதம் விளக்குகிறது. ஆனால் அவர் வாதம், சட்டம் எல்லாக் கேடுகளையும் முன்னறிந்து தடுத்துவிடும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. மாஞ்சோலையில் எந்தச் சட்டமும் மீறப்படாமலேயே மக்கள் வீடிழக்க முடிந்தது.

மாணவர்களும் ஆய்வாளர்களும் ஒரு நிறுவனத்தை மதிப்பிடும்போது, சி.எஸ்.ஆர். தொகைக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வறண்ட மாதத்தில் ஆலை எவ்வளவு நீர் எடுக்கிறது, அந்த எண் ஊரில் யாருக்குத் தெரியும்? ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் நிறுவனம் பொறுப்பேற்கிறதா? குத்தகையோ கனிமமோ தீரும் நாளுக்குப்பின் தொழிலாளருக்கு என்ன ஏற்பாடு? புகார் சொல்பவரின் குரல் போராட்டமாக மாறுமுன் கேட்கப்படும் வழி உண்டா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தரும் நிறுவனம் 2 விழுக்காட்டுக்கு மேல் ஒரு ரூபாயும் செலவிடாவிட்டாலும் பொறுப்புள்ள நிறுவனமே. விடை தராத நிறுவனம் எத்தனை பள்ளிக்கூடம் கட்டினாலும் அதன் தொழில் நிலையற்ற தரையில் நிற்கிறது என்பதைத் தாமிரபரணிப் படுகையின் வரலாறு காட்டுகிறது.